வயலுக்கு வரும் கசடு: தடுக்கும் அதிகாரம் யாரிடம்?

கண்மாயிலிருந்து வண்டல் மண் அள்ளித் தன் வயலில் கொட்ட வேண்டுமென்றால், மதுரை மாவட்டத்து விவசாயி முதலில் மனு எழுத வேண்டும். நிலத்துக்கான ஆவணங்களைக் காட்ட வேண்டும். அள்ளப்போகும் கண்மாய், மாவட்ட அரசிதழில் வந்த பட்டியலில் இருக்க வேண்டும். மண்ணுக்குக் காசு கிடையாது, ஆனால் அளவு உண்டு. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய்க்கு 90 கனமீட்டர். 2024-ல் வட்டாட்சியரே அனுமதி கொடுக்கலாம் என்று நடைமுறையை எளிதாக்கினார்கள். அப்படியும் தாள் இல்லாமல் டிராக்டரை ஓட்டினால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அதே வயலில், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து ஒரு லோடு கசடு வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு எத்தனை டன், என்ன பயிருக்கு, எந்த மாதத்தில், கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி என்று கேட்பதற்குத் தனியாக ஒரு விதி நம்மிடம் இல்லை. தலைமுறை தலைமுறையாக வயலுக்குப் போன வண்டலுக்கு இத்தனை கணக்கு இருக்கிறது. ஒரு மாநகரத்தின் கழிவறைகள் எல்லாம் கூடி உண்டாக்கிய சரக்குக்குக் கணக்கு இல்லை.

உலகத்தில் பல ஊர்களில் உள்ளாட்சிகள் இந்தக் கசடுக்குத் தடை போட்டிருக்கின்றன. சில தடைகள் நின்றன, பல தடைகள் நீதிமன்றத்தில் விழுந்தன. மதுரையைச் சுற்றியுள்ள ஊராட்சிகள் நாளைக்கே அப்படி ஒரு தீர்மானம் போட்டால் அது என்ன ஆகும் என்பதைப் பார்ப்பதற்கு முன், கசடு என்றால் எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஊரில் எல்லாவற்றையும் 'சாக்கடை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அதில்தான் பாதிக் குழப்பம்.

எது கசடு, எது கசடு இல்லை

வீட்டுச் செப்டிக் டேங்கைக் காலி செய்யும் லாரி உறிஞ்சிக்கொண்டு போவது சுத்திகரிக்கப்படாத மலக்கசடு. அதை ராத்திரியோடு ராத்திரியாக ஓடையிலோ தரிசிலோ திறந்துவிட்டால் அது குற்றம், அதில் விவாதம் இல்லை. இந்த லாரிகளை முறைப்படுத்த 2014 செப்டம்பரிலேயே தமிழக அரசு வழிகாட்டு நெறிமுறைகளை அரசாணையாக வெளியிட்டது. லாரிகள் சரக்கைப் பக்கத்திலுள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் அதன் சாரம். பின்னால் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்திலும் உரிமம் கட்டாயம் என்று சேர்த்தார்கள்.

சாயப்பட்டறை, ரசாயன ஆலை போன்றவற்றின் சுத்திகரிப்பில் மிஞ்சும் ரசாயனக் கசடு வேறு வகை. அது 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. வயலுக்குப் போகும் பேச்சே அங்கே இல்லை.

மூன்றாவது வகைதான் சிக்கல். பாதாள சாக்கடை வழியாக வரும் கழிவுநீரைச் சுத்திகரிப்பு நிலையத்தில் நுண்ணுயிர்களைக் கொண்டு செரிக்க வைக்கிறார்கள். தண்ணீர் ஓரளவு தெளிந்து ஒரு பக்கம் போகிறது. செரித்த மிச்சமும் செத்த நுண்ணுயிர்களும் தொட்டியின் அடியில் படிகின்றன. அதைப் பிழிந்தோ வெயிலில் காயவைத்தோ எடுத்தால் கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு சேறு கிடைக்கும். இயந்திரத்தில் பிழிந்த பிறகும் அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். நிலைய ஊழியர்கள் அதை 'கேக்' என்கிறார்கள். பெயரைப் பார்த்து யாரும் ஏமாற மாட்டார்கள்.

மதுரை மாநகராட்சிக்கு இப்படி இரண்டு பெரிய நிலையங்கள். தெற்கே அவனியாபுரம் வெள்ளக்கல்லில் நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கொள்ளளவு உள்ளது ஒன்று. கிழக்கே சக்கிமங்கலத்தில் 4.57 கோடி லிட்டர் கொள்ளளவு உள்ளது இன்னொன்று. பத்து லட்சம் லிட்டர் கழிவுநீருக்குக் காய்ந்த எடையில் சுமார் 200 கிலோ கசடு என்று பொறியாளர்கள் தோராயமாகக் கணக்கு வைப்பது உண்டு. அந்தக் கணக்குப்படி இரண்டு நிலையங்களும் முழுக் கொள்ளளவில் ஓடினால் தினம் 34 டன் வரும். ஈரத்தையும் சேர்த்தால் 170 டன்னைத் தொடும். நடைமுறையில் இதைவிடக் குறையலாம். ஆனாலும் தினமும் வரும், தீபாவளிக்கும் வரும், சித்திரைத் திருவிழாவுக்குக் கூடுதலாகவே வரும். எங்கேயாவது போட்டாக வேண்டும்.

மதுரையில் கழிவுநீருக்கும் விவசாயத்துக்கும் உள்ள உறவு புதிதல்ல. 1920-களில் நகருக்குப் பாதாள சாக்கடை போட்ட காலத்திலிருந்தே அவனியாபுரத்தில் கழிவுநீர்ப் பண்ணை உண்டு. கழிவுநீரைப் பாய்ச்சித் தீவனப்புல் வளர்த்தார்கள். நகரத்து மாடுகள் அந்தப் புல்லைத் தின்று பால் கொடுத்தன. நல்ல ஏற்பாடா கெட்ட ஏற்பாடா என்று சொல்வதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலம் நகராட்சியுடையது, பாய்ச்சியதும் நகராட்சி. ஏதாவது கேடு நடந்தால் யாரைக் கேட்பது என்பதில் குழப்பம் இல்லை. கசடை வயலுக்கு அனுப்பலாம் என்று இன்று பேசப்படும் ஏற்பாட்டில் கசடு மாநகராட்சியுடையது, லாரி ஒப்பந்தக்காரருடையது, நிலம் விவசாயியுடையது, நாற்றம் ஊருடையது.

விவசாயி ஏன் வாங்குகிறார்

எருவைப் பார்த்து முகம் சுளிக்கிற ஆள் இங்கே விவசாயம் பார்க்க முடியாது. அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவதற்குக் கீதாரிக்குக் கூலி கொடுக்கிற பூமி இது. மாடு குறைந்துபோய்த் தொழுவுரம் கிடைப்பதே அரிதாகிவிட்ட காலத்தில், லோடு லோடாகக் கறுப்பு எரு இலவசமாக வருகிறது என்றால் ஆசை வரத்தான் செய்யும். கசடில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்மையாகவே இருக்கின்றன. காய்ந்த எடையில் தழைச்சத்து 2 முதல் 5 சதவீதம் வரை இருக்கலாம். சாம்பல் சத்து மட்டும் சொற்பம், அது தண்ணீரில் கரைந்து வெளியே போய்விடுகிறது. கரிமப்பொருள் ஏராளம். மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணுக்கு அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கரிசலில் மண்ணின் பொலபொலப்பைக் கூட்டும். ஒரு மூட்டை டிஏபி 1,350 ரூபாய் விற்கும்போது இந்தக் கணக்கு சாதாரணம் இல்லை.

ஆகவே 'சாக்கடைச் சேறு, வேண்டாம்' என்று ஒரே வரியில் முடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1926 முதல் தன் கசடை உலர்த்தி மூட்டை கட்டி விற்றுவருகிறது. சரக்கு சரியாக இருந்தால் அது எருதான். சரியாக இருக்கிறதா என்பதை யார் பார்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உள்ளே இருக்கும் மூன்று

முதலாவது, கிருமிகளும் புழு முட்டைகளும். பாக்டீரியாக்களை மதுரை வெயில் ஓரளவு பார்த்துக்கொள்ளும். உருண்டைப் புழுவின் முட்டை அப்படிப்பட்டதல்ல. மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு கிராம் காய்ந்த கசடில் ஒரு புழு முட்டைக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. வேறு சுத்திகரிப்பு இல்லாமல் வெறுமனே சேமித்துவைத்து அந்த நிலைக்குக் கொண்டுவர, 20 முதல் 35 டிகிரி வெப்பமுள்ள இடங்களில் ஒரு வருடத்துக்கு மேல் தேவை என்றும் சொல்கிறது. மதுரைக்கு இது பொருந்துகிற கணக்கு. அதாவது இடம் இருந்து பொறுமையும் இருந்தால், பெரிய இயந்திரம் இல்லாமலேயே பாதிப் பிரச்சினை தீரும். நகரத்துக்கு இரண்டுமே பற்றாக்குறை என்பது வேறு கதை.

இரண்டாவது, கன உலோகங்கள். இவை வெயிலில் சாகாது, மழையில் கரைந்து ஓடியும் போகாது, வருடா வருடம் மண்ணில் சேரும். காட்மியம்தான் இதில் முக்கியமான வில்லன். நகைப் பற்றவைப்பில் கேடிஎம் என்ற பெயரில் நெடுங்காலம் புழங்கிய அதே உலோகம். பெரிய ஆலைகள் இல்லாத நகரம் என்பதால் மதுரைக் கசடில் உலோகம் இருக்காது என்று நினைத்துவிட வேண்டாம். நகைப் பட்டறை, சுங்குடிச் சாயம், முலாம் பூசும் சிறு பட்டறை எல்லாம் நகருக்குள்ளேயே இருக்கின்றன. இவற்றின் கழுவுநீர் பாதாள சாக்கடையில் கலந்தால் அதிலுள்ள உலோகத்தில் பெரும்பங்கு கசடில்தான் போய் ஒட்டும். அப்புறம் மண்ணைப் பொறுத்தது. சுண்ணாம்பு கலந்த கரிசல் உலோகங்களை இறுகப் பிடித்துக்கொள்ளும். அமிலத்தன்மை கொண்ட மண் செடிக்கு எளிதாக விட்டுக்கொடுத்துவிடும். கீரைகள் காட்மியத்தை மற்றப் பயிர்களைவிட அதிகம் உறிஞ்சும். நெல் வயலில் தண்ணீர் நிற்கும்வரை காட்மியம் அடங்கிக் கிடக்கும், அறுப்புக்காகத் தண்ணீரை வடித்த பிறகு கிளம்பும். ஜப்பானின் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவால் அரிசிக்குள் காட்மியம் ஏறி, எலும்பு நொறுங்கும் நோயாக வந்தது.

மூன்றாவது, பிஎஃப்ஏஎஸ் எனப்படும் அழியாத வேதிப்பொருள்கள். ஒட்டாத சட்டி, நீர் ஒட்டாத துணி, தீயணைப்பு நுரை போன்றவற்றில் பயன்படுபவை. அமெரிக்காவில் சமீபத்தில் கிளம்பிய தடைகளுக்கெல்லாம் இதுதான் காரணம்.

நம் சட்டப் புத்தகத்தில் என்ன இருக்கிறது

சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீருக்கு 2017 அக்டோபரில் மத்திய அரசு தரங்களை அறிவித்தது. அது தண்ணீரைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கசடு எந்த நிலையில் வாசலைத் தாண்டலாம் என்பதை அது தொடவில்லை.

குப்பையிலிருந்து தயாராகும் கம்போஸ்டுக்குத் தரம் உண்டு. உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985-ல் எண்கள் தெளிவாக இருக்கின்றன, திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-லும் இருந்தன. கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100, குரோமியம் 50, நிக்கல் 50, பாதரசம் 0.15 என்று உச்ச வரம்பு போட்டிருக்கிறார்கள். வரம்பைத் தாண்டிய கம்போஸ்டை உணவுப் பயிருக்குப் போடக் கூடாது, வேறு பயன்பாட்டுக்குக் கொள்ளலாம் என்றது 2016 விதி. கசடை மற்றக் குப்பையோடு சேர்த்து மக்கவைத்து மூட்டையில் உரமாக விற்றால் இந்த எண்கள் வந்து பிடிக்கும். லாரியில் அப்படியே கொண்டுவந்து கொட்டினால்? அது மூட்டையும் இல்லை, விற்பனையும் இல்லை.

முழு வெற்றிடம் என்றும் சொல்ல முடியாது. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, மாசுபடுத்தும் பொருளை ஓடையிலோ கிணற்றிலோ விடக் கூடாது என்கிறது. 1988 திருத்தத்தில் அதில் 'நிலத்திலும்' என்று சேர்த்தார்கள். சின்னச் சேர்க்கைதான், ஆனால் கசடு விவகாரத்துக்கு அதைவிடக் கூர்மையான கருவி வேறு இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொடுக்கும் இசைவாணையில் கசடை என்ன செய்ய வேண்டும் என்று நிபந்தனை எழுதவும் முடியும். இந்த இரண்டும் வாரியத்தின் கையில் இருக்கின்றன. ஊராட்சியின் கையில் இல்லை.

தடை போட்ட ஊர்கள் பட்ட பாடு

அமெரிக்காவில் 1993-ல் வந்த மத்திய விதி ஒன்று கசடை இரண்டாகப் பிரித்தது. கிருமி ஏறக்குறைய இல்லாத முதல் தரம், ஓரளவு மட்டும் குறைத்த இரண்டாம் தரம். இரண்டாம் தரத்தைப் போட்ட நிலத்தில், மண்ணைத் தொட்டபடி விளையும் காயை 14 மாதங்களுக்குப் பறிக்கக் கூடாது. கிழங்கு வகை என்றால் 20 முதல் 38 மாதம். 30 நாளைக்கு மாடு மேயக் கூடாது. நீர்நிலைக்கு 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இவ்வளவு எழுதியும், கிராமப்புறக் கவுண்டிகளுக்கு, அதாவது நம் மாவட்டம் போன்ற அங்கத்து உள்ளாட்சிகளுக்கு, திருப்தி இல்லை. நகரத்துக் கழிவை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்வி எந்த விதியாலும் தீர்கிற கேள்வி அல்ல.

கலிஃபோர்னியாவின் கெர்ன் கவுண்டி கதையை மதுரைக்காரர்கள் கேட்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் அங்கே சுமார் 4,700 ஏக்கர் பண்ணையைச் சொந்தமாகவே வாங்கி, தன் கசடைக் கொட்டித் தீவனப் பயிர் வளர்த்தது. நம் அவனியாபுரம் பண்ணையின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இங்கே நகரம் ஒரு கவுண்டி, பண்ணை வேறு கவுண்டி. 2006 ஜூனில் கெர்ன் மக்கள் வாக்கெடுப்பு நடத்திப் பெரும்பான்மையோடு தடை போட்டார்கள். நகரம் வழக்குப் போட்டது. கூட்டாட்சி நீதிமன்றம், மாநில நீதிமன்றம், மேல்முறையீடு என்று பத்து வருடம் இழுத்து, 2016-ல் தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அந்தப் பத்து வருடமும் லாரிகள் பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

வர்ஜீனியாவின் அமீலியா கவுண்டி போட்ட முழுத் தடையை அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2001-லேயே ரத்துசெய்தது. மாநிலம் அனுமதித்ததைக் கவுண்டி அடியோடு தடுக்க முடியாது என்பது காரணம். பென்சில்வேனியாவில் நாற்றம் தாங்காமல் வழக்குப் போட்ட அக்கம்பக்கத்தாரிடம், கசடு போடுவது வழக்கமான விவசாய வேலைதான் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2015-ல் சொன்னது.

மேல்மட்டத்திலிருந்து வந்த தடைகள் நின்றன. சுவிட்சர்லாந்து 2003-ல் முடிவெடுத்து, சில வருட அவகாசம் கொடுத்து, வயலில் கசடு போடுவதையே நிறுத்தியது. மெய்ன் மாநிலம் பிஎஃப்ஏஎஸ் காரணமாக 2022-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. அடுத்த வருடமே அங்கே குப்பைக் கிடங்கு திணறி, கசடு லாரி எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போனது. தடை போட்டால் கசடு மறைந்துவிடாது, முகவரி மாறும். டெக்சாஸின் ஜான்சன் கவுண்டிக்குத் தடைபோடும் அதிகாரம் வாய்க்கவில்லை. 2025 பிப்ரவரியில் அது பிஎஃப்ஏஎஸ் மாசைப் பேரிடராக அறிவித்து மாநிலத்தின் கவனத்தை இழுத்தது.

நம் ஊராட்சிக்கு என்ன பலம்

அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணை ஊராட்சிகளுக்கு 29 துறைகளைச் சொல்கிறது, சுகாதாரம் அதில் உண்டு. பன்னிரண்டாவது அட்டவணை நகர உள்ளாட்சிகளுக்குப் பொதுச் சுகாதாரத்தையும் கழிவு மேலாண்மையையும் கொடுக்கிறது. ஆக, கசடை அனுப்புகிறதும் உள்ளாட்சி, வாங்குகிறதும் உள்ளாட்சி. ஒன்றின் கடமை இன்னொன்றின் தலையில் இறங்கும்போது நடுவில் நிற்க மாவட்ட ஆட்சியரையும் மாசு வாரியத்தையும் தவிர வேறு ஆள் இல்லை.

புறம்போக்கு, கண்மாய்க்கரை, ஊராட்சிச் சாலை இவற்றில் கொட்டினால் ஊராட்சி தடுக்கலாம். தனியார் பட்டாவில் உரிமையாளரே சம்மதித்துக் கொட்டும்போது, பொதுச் சுகாதாரத்துக்குக் கேடு என்று காட்டினால் மட்டுமே பிடி கிடைக்கும். கேரளத்துப் பெருமாட்டி ஊராட்சி, பிளாச்சிமடை குளிர்பான ஆலையின் உரிமத்தை மறுத்த கதை நினைவிருக்கும். கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2003-ல் நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்றார். 2005-ல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. ஊராட்சியின் முழுத் தடை சட்டத்தில் எவ்வளவு மெலிசானது என்பதற்கு அது போதும்.

அதே நேரம், கிராம சபைத் தீர்மானத்துக்குச் சட்டத்துக்கு வெளியே ஒரு கனம் உண்டு என்பதை மதுரையைவிட நன்றாக அறிந்த மாவட்டம் இல்லை. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்கு எதிராக 2024 நவம்பரில் அரிட்டாபட்டிச் சுற்றுவட்டார ஊர்கள் கிராம சபையில் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்துசெய்தது. ஏலத்தை ரத்துசெய்யும் சட்ட அதிகாரம் கிராம சபைக்கு இல்லை. ஆனால் ஊர் ஒன்றாகச் சொன்னதைத் தாண்டிப் போக யாருக்கும் தைரியம் வரவில்லை.

அது மலைக்கு நடந்தது. கசடுக்கு அப்படி ஊர் கூடுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. சுரங்கத்தில் ஊர் முழுக்க ஒரு பக்கம் நின்றது. கசடில் வாங்குகிற விவசாயியும் எதிர்க்கிற பக்கத்து வயல்காரரும் ஒரே தெருவில் இருப்பார்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2011-ல் மதுரை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது அவனியாபுரம் நகராட்சியும் உள்ளே போனது. அதுவரை நகரத்தின் கழிவைத் தாங்கிய பக்கத்து ஊராக, தனக்கென்று ஒரு மன்றத்தோடு பேசியது அவனியாபுரம். இப்போது கசடை அனுப்பும் மாமன்றத்தில் சில உறுப்பினர்களாகக் கரைந்துவிட்டது. வெள்ளக்கல்லில் இருப்பவர் தனக்கு எதிராகத் தானே தீர்மானம் போட வேண்டிய நிலை. சக்கிமங்கலம் கிராம ஊராட்சி, அங்கே கிராம சபை உண்டு. ஆனால் மதுரை உட்பட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத சபை மாநகராட்சியை எதிர்த்து எழுதும் தீர்மானம் எவ்வளவு தூரம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தடையைவிட நிபந்தனை

கெர்னும் அமீலியாவும் முழுத் தடை போட்டுத் தோற்றன. ஆகவே 'கொட்டாதே' என்று எழுதும் தீர்மானத்தைவிட, 'இன்ன தாள் இல்லாமல் கொட்டாதே' என்று எழுதும் தீர்மானம்தான் நீதிமன்றத்தில் நிற்க வாய்ப்புள்ளது என்பது என் கணிப்பு. எந்த நிலையத்தில் என்றைக்கு எடுத்த கசடு, எத்தனை மாதம் கிடந்தது, புழு முட்டையும் உலோகமும் எவ்வளவு, எந்த சர்வே எண்ணில் எத்தனை டன், அந்த நிலத்தின் மண் பரிசோதனை என்ன சொல்கிறது. இவ்வளவும் ஒரு பதிவேட்டில் இருந்தால், பத்து வருடம் கழித்துக் கிணற்றில் ஏதாவது தெரிந்தாலும் யாரைக் கேட்பது என்று தெரியும்.

அதற்காக அமெரிக்க விதியை அப்படியே பெயர்த்து ஒட்டவும் கூடாது. அது உணவுப் பயிரா, உண்ணும் பகுதி மண்ணைத் தொடுகிறதா என்று பார்த்துப் பிரிக்கிறது. சோழவந்தான் வெற்றிலையை எதில் சேர்ப்பது? சமைக்காமல், சும்மா துடைத்து வாயில் போடுகிற இலை. வாழைக்காய் மரத்தின் உச்சியில் விளைகிறது, ஆனால் வாழை இலையில் சுடுசோறு போட்டுச் சாப்பிடுகிறோம். மதுரை மல்லி உணவுப் பயிர் அல்ல, காகிதப்படி அங்கே கசடு தாராளமாகப் போகலாம். ஆனால் செடிக்குச் செடி குனிந்து விடியுமுன் மொட்டுப் பறிக்கும் பெண்கள் அந்த மண்ணில்தான் வெறுங்காலோடு நிற்கிறார்கள். பூ தலைக்குப் போகிறது, சாமிக்குப் போகிறது. ஆக மல்லித் தோட்டத்தில் பார்க்க வேண்டியது சாப்பிடுகிறவரை அல்ல, வேலை செய்கிறவரை.

10 மீட்டர் இடைவெளி என்பதும் இங்கே வேடிக்கைதான். நம் கண்மாய்கள் சங்கிலியாகத் தொங்குபவை. ஒன்றின் மறுகால் அடுத்ததற்குப் போகும், ஒன்றின் ஆயக்கட்டு வடிகால் இன்னொன்றின் வரத்துக்கால். அயன்பாப்பாக்குடிக் கண்மாயின் மறுகாலில் நுரை பொங்கிச் சாலைக்கு வந்த காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு, ஒரு கண்மாயில் விட்டது அதிலேயே நிற்காது என்பது தெரியும். இங்கே அடிக்கணக்கைவிட மாதக்கணக்கு உதவும். மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிறது. ஆவணிக்குப் பிறகு கசடு போடவே கூடாது, பங்குனி, சித்திரையில் போட்டுக் கோடை உழவில் மண்ணுக்குள் புதைத்துவிட வேண்டும் என்ற நிபந்தனை, வெயிலையும் நம் பக்கம் சேர்த்துக்கொள்ளும்.

மேய்ச்சல் தடைதான் எழுதுவதற்கு எளிது, நடத்துவதற்குக் கடினம். வேலி இல்லாத தரிசில் ஆடு எந்த விதியையும் படிக்காது. கிடை ஆடுகள் மாவட்டம் விட்டு மாவட்டம் வருபவை. குறைந்தபட்சம் கசடு போட்ட நிலத்தில் ஒரு பலகை வைத்து, கீதாரிகளுக்குத் தெரியும்படி செய்யலாம்.

இப்போதைக்கு, கசடு இறங்கும் ஊரில் இருப்பவருக்குக் கையில் இருக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மாநகராட்சிக்கு எழுதி, கசடின் ஆய்வக அறிக்கையையும் அது போன இடங்களின் விவரத்தையும் கேட்பது. மாசு வாரியத்திடம் இசைவாணையின் நகலைக் கேட்பது. இரண்டு, பொதுத் தொல்லை என்று வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுப்பது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 152-ஆம் பிரிவாக இருக்கிறது. தொல்லையை அகற்றச் சொல்லி நிபந்தனை ஆணை பிறப்பிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. மனுவில் 'நாற்றம் தாங்கவில்லை' என்று மட்டும் எழுதாமல் லாரி எண், சர்வே எண், நாள், நேரம், பக்கத்துக் கிணற்றின் தூரம், அதிலிருந்து எத்தனை வீடு குடிக்கிறது என்று எழுதுங்கள்.